தாழ்ப்பாள் இல்லாத கதவு

விளையாட்டில் விட்ட இடங்களைச் சேமித்து வைத்திருக்கும் ‘சேவ்’ பட்டியலில் அந்த எண் மட்டும் சரியாக இல்லை.

தம்பி ஆடிய ஆட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்தோடு நின்றுபோனது. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வாரம் இருவரும் சேர்ந்து எழுதிய விமர்சனத்தின் முதல் வரியே அதுதான். இப்போதோ, ‘வாலு’ என்று அவன் தன் வீட்டுப்பெயரையே வைத்திருந்த பாத்திரத்துக்கு எதிரே, பத்தாயிரத்து நானூற்று முப்பத்தாறு மணி என்றிருந்தது.

கோளாறு என்று நோட்டில் குறித்தாள். குறித்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு.

உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் இடிபாடுகளில் அலையும் வீடியோ விளையாட்டு அது. அதற்குப் புதிதாக மூன்று கூடுதல் கதைகள் வந்திருந்தன. பத்திரிகை ஆசிரியர் காலையிலேயே அழைத்துவிட்டார்.

“மூணையும் ஆடிப் பாத்து ஆறு மணிக்குள்ள அனுப்பிடும்மா. உலகமே அழிஞ்சாலும் ஆறு மணிதான் கெடு.”

“அழிஞ்ச பிறகுதான சார் இந்த ஆட்டமே ஆரம்பிக்குது.”

“அப்ப சாக்கு சொல்லவும் வழியில்ல பாரு.” சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். “தம்பியோட சேவ்லதான் ஆடணுமா?”

“நாப்பதாவது லெவல் தாண்டினாத்தான் திறக்கும் சார். என்னோடது பதினொண்ணு.”

எப்போதும் அவன் ஆடுவான், அவள் எழுதுவாள். “நான் சுடறேன், நீ மார்க் போடு. உனக்கு ஒரு கதவத் திறக்கவே அரை மணி ஆகும்க்கா” என்பான். பதினான்கு மாதத்துக்கு முன், பழைய வீட்டின் ஆறாவது மாடியில் மின்பெட்டி பற்றிக்கொண்டபோது கணினியும் போயிற்று, அவனும் போனான். சேவ் மட்டும் விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில், எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், பத்திரமாக இருந்தது.

புதிய வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, தச்சரை அழைத்து இந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னது. “தாழ்ப்பாள் இல்லாம என்ன கதவும்மா, காத்துல டமால் டமால்னு அடிக்கும்” என்று முணுமுணுத்தபடி கழற்றினார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கல்.

போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, திரையில் வெயில் அடிக்காமலிருக்க ஜன்னல் சீலையை இழுத்து மூடினாள். வெளியே யாரோ சுவரில் துளையிடும் சத்தமும், கீழ்வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் உறுமலும், ஹெட்போனை மாட்டியதும் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் அடங்கின.

முதல் கதை உப்புவெளியில் தடம் புரண்டு கிடக்கும் ரயிலில் நடந்தது. காற்று இரும்பை உரசும் ஓசையை அவ்வளவு அழகாகப் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் அவள் போய்த் திறந்த புதையல் பெட்டியெல்லாம் காலி. டிக்கெட் பரிசோதகராக வரும் கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மறுபடியும் வந்துட்டியா? இங்க வழி இல்லன்னு சொன்னேன்ல” என்றார்.

‘வசனம் நன்று. பெட்டிகள் முன்பே காலி: கோளாறு.’

இரண்டாவது கதை நீரில் மூழ்கிய மருத்துவமனை. காலடி வைக்காத இடமெல்லாம் வரைபடத்தில் இருட்டாக இருக்க வேண்டும். இங்கே எல்லாமே வெளிச்சம். ஒன்றுமில்லாத மூலைகள்கூட. யாரோ ஒவ்வொரு சுவரையும் கையால் தடவிக்கொண்டே நடந்திருந்தார்கள். புதையல் தேடுகிறவன் அப்படி நடப்பதில்லை. வாசல் தேடுகிறவன்தான் நடப்பான்.

இந்தக் கதைகள் இன்று காலைதான் வெளியே வந்தன.

அவள் நோட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தாள். தீப்பிடித்த நாளிலிருந்து நானூற்று இருபத்தாறு நாள். நாளுக்கு இருபத்துநான்கு மணி. அதோடு இருநூற்றுப் பன்னிரண்டு.

பத்தாயிரத்து நானூற்று முப்பத்தாறு. சரியாக வந்தது.

அணைத்திருக்கலாம். கை அணைக்கவில்லை.

மூன்றாவது கதை ஒரு நடைகூடத்தில் தொடங்கியது. புகை. கருகிய ஒயர் வாடை. ஹெட்போனில் வாடை வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோடியில் ஒரு பழுப்புக் கதவு, பழைய வீட்டில் அவன் அறைக்கு இருந்ததுபோலவே வளைந்த தாழ்ப்பாளோடு. ஓங்கிச் சாத்தினால் தானே விழுந்துவிடும் தாழ்ப்பாள். வெளியிலிருந்துதான் திறக்க வரும். “ஓங்கிச் சாத்தாதக்கா, உள்ளயே வத்தலாயிடுவேன்” என்று அவன் எத்தனை தடவை கேலி செய்திருப்பான்.

தீப்பிடித்த அன்று அவன் காதில் ஹெட்போன். அவள் கத்தினாள், ஓடினாள், புகை உள்ளே போகாமலிருக்கக் கதவை இழுத்துச் சாத்தினாள். எல்லோரிடமும் அவள் சொன்னது இவ்வளவுதான்.

சொல்லாதது ஒன்று உண்டு. தாழ்ப்பாள் விழுந்தது அவள் காதில் விழுந்தது. படியிறங்கி இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது, மேலிருந்து தட்டலும் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. சின்ன வயதிலிருந்தே அவன் தட்டும் விதம் அது. அவள் நின்றாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அண்ணாந்து, நின்றாள்.

பிறகு இறங்கிவிட்டாள்.

திரையில் அந்தக் கதவு தட்டப்பட்டது. மூன்று. ஒன்று.

கீழே ஒரே ஒரு சொல் மின்னியது: திற.

இந்தத் தடவை அவள் அரை மணி எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே புகையில்லை. ஒரு நாற்காலி. அதில் முதுகைக் காட்டி அவன். காதில் ஹெட்போன். அவனுக்கு முன்னால் ஒரு திரை. அந்தத் திரைக்குள் இழுத்து மூடிய சீலை, ஒரு நோட்டு, ஒரு பெண்ணின் முதுகு. அவளுக்குப் பின்னால் ஒரு கதவு. செங்கல் தரையில் உரசி நகர்ந்துகொண்டிருந்தது. மெல்ல.

அவள் திரும்பவில்லை.

டக்.

நான்கு ஓட்டைகள் மட்டுமே இருந்த இடத்தில், தாழ்ப்பாள் விழுந்தது.

திரையில் அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எழுந்தான். திறந்த கதவு வழியாக, திரும்பிப் பாராமல், வெளியே போனான்.

அவளும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுப் பாய்ந்து கதவை இழுத்தாள். அசையவில்லை. கூடத்தில் போன் அடித்தது. ஆறு மணி. அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கதவின் கீழ்விளிம்பில் மெல்லிய புகைக்கோடு. சூடு.

தட்டினாள். மூன்று. ஒன்று.

முதுகுக்குப் பின்னால், மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து படியிறங்கும் சத்தம். ஐந்தாம் மாடி. நான்கு. மூன்று.

மூன்று. ஒன்று.

சத்தம் நின்றது.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். இரண்டாம் மாடித் திருப்பம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவன் அண்ணாந்து நின்றான். அவள் தட்டுவது அவனுக்குக் கேட்டது. கேட்டது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

அவள் நின்ற அதே அளவு நேரம் நின்றான்.

பிறகு இறங்கத் தொடங்கினான்.