மனிதக் குரல் மட்டும்

கம்பெனி முழுவதையும் ஒரே சொடுக்கில் ஊமையாக்கிய பெருமை அவனையே சேரும். ஊழியர்கள் எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்கும் பொறுப்பு, கம்ப்யூட்டர் பிரிவின் ஒரே ஆளான அவன் தலையில் விழுந்திருந்தது. ஒருவர் வீட்டில் மிக்ஸி, இன்னொருவர் வீட்டில் நாய், மேனேஜர் வீட்டில் மேனேஜரின் மனைவி. இரைச்சலை வடிகட்டட்டும் என்று ஒரு வசதியை எல்லாருக்கும் போட்டுவிட்டான். அது மனிதர்களையும் சேர்த்து வடிகட்டிவிட்டது. காலைக் கூட்டத்தில் வாய்கள் மட்டும் மீன்தொட்டியில் போல அசைந்தன.

திட்டு வாங்கிக்கொண்டே மதியத்துக்குள் சரிசெய்தான். இனி மிக்ஸியும் நாயும் மறுமுனைக்குப் போகாது. மனிதக் குரல் மட்டும் போகும்.

யார் என்ன புகார் சொன்னாலும் "பிளக் போட்டிருக்கா?" என்றே ஆரம்பிப்பதால் ஆபீஸில் அவனுக்குப் பிளக்கு என்று பெயர். அந்தப் பிளக்கு சாயங்காலம் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே, ஹெட்செட்டில் பேசிப் பேசி, கடைசியாகக் கணக்குப் பிரிவு அக்காவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நல்ல மனுஷி. ஆனால் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். திரை வருதா என்றால் "ஏதோ வருது தம்பி" என்பார். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. விளக்கைப் போடக்கூட அவன் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் வடிந்து, கொடியில் காயாத துணிகளின் நெடி அறையில் கனத்து, நாற்காலிகளும் மேஜையும் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

உள்ளறையில் மகள் காய்ச்சலோடு தூங்கினாள். மனைவி நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்: "அவ முழிச்சா உடனே போய்ப் பாருங்க. ஹெட்செட்டுக்குள்ள தலைய விட்டுட்டு உக்காந்திராதீங்க." அதற்காகவே கதவைப் பாதி திறந்து வைத்திருந்தான்.

அக்கா இழுத்தார். அப்புறம் பேசலாமா, உங்க வீட்டில் ஏதோ பேச்சு நடக்குது போல என்றார்.

டிவி போடவில்லையே. ஹெட்செட்டைக் கழற்றினான். தலைக்கு மேல் ஃபேன். சமையலறைக் குழாயின் சொட்டு. வேறொன்றும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு, பக்கத்து வீடு காலி அக்கா, யார் பேசப்போகிறார்கள் என்றான்.

"அது... வீட்டம்மா சீக்கிரம் வந்துட்டாங்களோ என்னவோ."

"பொம்பளக் குரலா?"

"பரவாயில்ல தம்பி. நான் ஒண்ணும் தப்பா நெனக்கல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. குளிக்கவே நேரமில்லாதவனுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர். அவள் ராத்திரி பத்துக்குத்தான் வருவாள், நானும் பாப்பாவும்தான் இருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப யாரு தம்பி தாலாட்டு பாடுறது?"

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

ஹெட்செட்டைக் கழற்றினான். ஃபேன். சொட்டு.

மாட்டினான். அக்காவின் மூச்சு.

லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தான். திரையின் நீல வெளிச்சம் சுவரில் அவனுக்கு முன்னே நடந்தது. பாதி திறந்திருந்த கதவு மூடியிருந்தது. காற்றில் சாத்தியிருக்கும். காற்றே இல்லை. கதவில் காதை வைக்க ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். உள்ளே ஃபேன்கூட ஓடவில்லை.

"பாப்பா."

கதவைத் தட்டினான்.

"பாப்பா, அப்பாதான்டா."

கைப்பிடியைப் பிடித்தான். ஈரம். திருகினான். திரும்பவில்லை. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது.

"அக்கா," என்றான். நாள் முழுக்க எல்லாரிடமும் கேட்டுச் சலித்த கேள்விதான் வாயில் வந்தது. "கேக்குதா?"

அவர் இழுக்கவில்லை. 'ஏதோ', 'என்னவோ' எதுவும் இல்லை.

"கேக்குது. பாப்பா அழுவுது தம்பி. 'அப்பா வெளிய நிக்கிறாரு'ன்னு கத்துது. அந்தப் பொம்பள சமாதானம் பண்றா. 'கத்தாத கண்ணு, இனிமே அப்பாவுக்கு நம்ம குரல் கேக்காது'ங்குறா."