பாயை மாற்றிக் கட்டிய நாள்

படகை விற்கப் போவதாக அப்பா சொன்னபோது, பொடிசின் வாய் நிறையப் பற்பசை நுரை. அதனால் உடனே "ஐயோ" என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் ஓடி வருவதற்குள், சமையலறையில் அம்மாவும் அப்பாவும் பேசியே முடித்துவிட்டார்கள்.

"படகுக்கு வயசாயிடுச்சு. முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றார்," என்றார் அப்பா.

"அப்புறம் நீங்க என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டாள் பொடிசு.

"துறைமுகக் கிடங்குல ஆள் எடுக்கறாங்களாம். மூட்டை எண்ண வேண்டியதுதான்."

அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் காலைச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பொடிசுக்கு வயது பத்து. வகுப்பிலேயே அவள்தான் உயரம். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பொடிசுதான். அப்பா பாய்மரப் படகு ஓட்டுகிறவர். கடலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைவரை போய்த் திரும்புவார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடைமேல் நடை.

அன்று பள்ளி விட்டதும் பொடிசு நேராகப் படகுத்துறைக்குப் போய், அப்பாவோடு படகில் ஏறிக்கொண்டாள்.

அப்பா சொன்னது உண்மைதான். காற்று வீசியபோது படகு முன்னால் போவதற்குப் பதிலாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பயணிகள் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பாறை கிட்டே வருவதாகவே தெரியவில்லை.

"இதுக்கு நடந்தே போயிருக்கலாம் போலிருக்கே!" என்று அலுத்துக்கொண்டார் தொப்பி போட்ட ஒருவர்.

"கடல்ல எப்படி சார் நடப்பீங்க?" என்று கேட்டாள் பொடிசு. அவளுக்கு உண்மையாகவே சந்தேகம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பொடிசு அத்தை என்று கூப்பிடும் பல் டாக்டரின் படகு அவர்களைத் தாண்டிப் போனது. அது அப்பாவின் படகுக்கு இரட்டைப் பிறவி மாதிரி. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே வருடம் செய்தவை. துறையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கட்டிக் கிடக்கும். அத்தை விடுமுறை கிடைத்தால் மட்டும் படகை எடுப்பார்.

"வர்றேண்ணா!" என்று கையாட்டிவிட்டு அத்தை விர்ரென்று போய்விட்டார்.

பயணிகள் இறங்கிய பிறகு பொடிசு கேட்டாள். "அப்பா, அத்தை படகு மட்டும் எப்படி அப்படி ஓடுது?"

"அவங்க தனி ஆளு. நம்ம படகுல ஆறு பேர்."

"இப்போ நாம ரெண்டு பேர்தானே? இப்பவும் அது ஆமை மாதிரிதானே போகும்?"

"அடியில பாசி பிடிச்சிருக்கும்."

"போன வாரம்தானே ரெண்டு பேரும் சேர்ந்து சுரண்டினோம்? என் கை இன்னும் வலிக்குது."

"அப்போ வயசுதான்."

"ரெண்டு படகுக்கும் ஒரே வயசுதானேப்பா!"

அப்பா ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்டத் தொடங்கினார்.

"ஒருவேளை பாய் சரியில்லையோ?" என்றாள் பொடிசு மெதுவாக.

"பாயா? இது புதுசும்மா! வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது. இதுக்கு முன்னாடி இருந்த பாய் பத்து வருஷம் உழைச்சுது. டாக்டரம்மா படகுல இருக்கே, அதுதான் பழசு. ஒன்பது வருஷத்துப் பாய்!"

மாலையில் அம்மா வேலை முடிந்து வந்தார். அம்மா பேருந்து ஓட்டுநர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புலம்பல் ஆரம்பமாகிவிட்டது.

"இன்னிக்கு எனக்கு வேற பஸ்ஸைக் குடுத்துட்டாங்க. மூணு வருஷத்து பஸ்தான். ஆனா மேட்டுல ஏறவே மாட்டேன்னு அடம் பிடிக்குது. ராத்திரி பகல் பாக்காம வெளியூருக்கே ஓட்டித் தேய்ச்சிருக்காங்க. எனக்கு என் பழைய பஸ்தான் வேணும். வயசானாலும் ஊருக்குள்ளயே அளவா ஓடின பஸ்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பொடிசு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அந்தப் பத்து வருஷத்துப் பாய் இருந்தப்போ நீங்க தினமும் படகு ஓட்டினீங்களா?"

"இல்லையே. அப்போ தொழிற்சாலை வேலை. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் படகு."

"இந்தப் பாய்?"

"இது தினமும்..." அப்பா இழுத்தார். பிறகு தலையை ஆட்டினார். "அதுக்காக? நாலே வருஷத்துல ஒரு பாய் கெட்டுப் போகுமா? போய்ப் படிக்கிற வழியப் பாரு."

அப்பாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை, அம்மாவையும் சேர்த்து. அப்பாவுக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் பல் டாக்டர் அத்தையின் மருத்துவமனைக்குப் போனாள். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உக்காரு. வாயைத் திற."

"அத்தை, நான் பல்லுக்கு வரலை. பாய்க்கு வந்தேன்."

அத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பொடிசு விஷயத்தைச் சொன்னாள். படகை விற்கப் போவது, கிடங்கு வேலை, எல்லாவற்றையும். கடைசியில், "ஒரே ஒரு தடவை ரெண்டு படகோட பாயையும் மாத்திக் கட்டிப் பாக்கலாமா அத்தை?" என்று கேட்டாள்.

"உங்க அப்பாவோட புதுப் பாய் எனக்கா? கசக்குமா என்ன! நாளைக்கே வர்றேன்," என்று சிரித்தார் அத்தை.

சனிக்கிழமை மாலை, கடைசி நடை முடிந்ததும் அத்தை துறையில் வந்து நின்றார். அப்பாவுக்குத் தயக்கம்.

"வேண்டாம்மா. பாவம், புதுப் பாயைத் திருப்பிக் குடுக்கும்போது டாக்டரம்மா ஏமாந்துடுவாங்க. அந்தப் பழசை நாம கட்டிக்கிட்டு எங்கேருந்து ஓட்டறது?"

"நான் ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். கழட்டுங்கண்ணா!" என்றார் அத்தை.

இரண்டு பெரிய பாய்களும் பாய்மரத்திலிருந்து இறங்கின. அத்தையின் பாய் மஞ்சள் பாரித்துப் போயிருந்தது. மடித்த இடங்களில் கோடு கோடாகக் கறை. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பொடிசு அதைத் தூக்கியபோது அது கெட்டிக் காகிதம்போல மொடமொடவென்று சத்தம் போட்டது. அப்பாவின் பாய் வெள்ளைவெளேர் என்று இருந்தது. தொட்டால் மட்டும், துவைத்துத் துவைத்து நைந்துபோன தலையணை உறைபோலத் தொளதொளவென்று கையில் வழிந்தது.

பாயை மாற்றிக் கட்ட அவள் அப்பாவுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு படகுகளும் ஒன்றாகக் கிளம்பின. பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

காற்று வந்தது. அப்பாவின் படகு சாய்வதற்குப் பதில் முன்னால் பாய்ந்தது! இதை எதிர்பாராத அப்பா பலகையில் தொம்மென்று உட்கார்ந்துவிட்டார்.

"அட!" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அட அட!" என்றார். படகின் முனையில் நீர் சலசலவென்று பிரிந்தது. அந்தச் சத்தத்தைப் பொடிசு கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

"இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு. அதான்," என்றார் அப்பா.

"அத்தைக்கும் இதே காத்துதான்ப்பா. திரும்பிப் பாருங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். வெகு தூரத்தில் அத்தையின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளைப் பாய் தொட்டில் துணிபோல உப்பித் தொங்கியது. முன்பக்கம் இருக்க வேண்டிய வளைவெல்லாம் பின்பக்கம் நகர்ந்து போயிருந்தது.

அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவா நம்ம பாய்?" என்றார் மெல்ல. "தினமும் அதுக்குக் கீழேயே உக்காந்திருக்கேன். ஒரு நாளும் தள்ளி நின்னு பாத்ததில்ல. துணி இழுபட்டு மூட்டை மாதிரி ஆயிடுச்சே. காத்தை அது முன்னாடி தள்ளறதுக்குப் பயன்படுத்தல. படகைச் சாய்க்கத்தான் பயன்படுத்துது."

அத்தை துறைக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய தலைமுடி கூடுபோல எழும்பி நின்றது.

"அண்ணா! இதை வெச்சுக்கிட்டா தினமும் ஆளுங்களை ஏத்திட்டுப் போனீங்க? உங்க கைக்கு ஒரு மெடல் குடுக்கணும்!"

பொடிசு வெள்ளைப் பாயின் தையலை நகத்தால் லேசாகக் கீறினாள். நூல் பட்டென்று அறுந்தது. இன்னோர் இடத்தில் கீறினாள். அங்கேயும் பட்.

"வெயில்," என்றார் அப்பா. "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்லயே கிடந்துதே. ரெண்டு நடைக்கு நடுவுலகூட நான் உறை போட்டதில்ல. டாக்டரம்மா பாய் ஒன்பது வருஷத்துல ஓடினதை, இது முதல் வருஷத்துலயே ஓடி முடிச்சிருக்கும்."

"அப்போ படகுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள் பொடிசு.

அப்பா படகின் பக்கவாட்டில் கை வைத்தார். "இதுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணா, நீங்க புதுப் பாய் தைக்கிற வரைக்கும் என் பாயையே வெச்சுக்கோங்க. எனக்கென்ன அவசரம்?"

அப்பாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பொடிசு குறுக்கே புகுந்தாள்.

"வேண்டாம் அத்தை."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். சொல்வதற்கு அவளுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த மொடமொட பாயை அவளுக்கும் மிகவும் பிடித்திருந்தது.

"நாங்க தினமும் ஓட்டுவோம். உங்க பாய்ல மிச்சம் இருக்கிறதையெல்லாம் கொஞ்ச நாள்லயே நாங்க தீர்த்துடுவோம். அப்புறம் உங்க பாயும் தொளதொளன்னு ஆயிடும். நீங்க இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்களே!"

"இவ என் பாய்க்குப் பரிஞ்சு பேசற அளவுக்கு நான்கூடப் பேசினதில்ல," என்று சொல்லி அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

அப்பா மஞ்சள் பாயை இறக்கினார். ஓரம் ஓரமாகத் தட்டி, நேர்த்தியாக மடித்து, அவரே அத்தையின் படகில் கொண்டுபோய் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, படகை வாங்க ஒரு பெரிய மீசைக்காரர் வந்தார். உட்காருவதற்கு மெத்தைகூடக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"மன்னிக்கணும். படகு விக்கலை," என்றார் அப்பா.

"வயசாயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன். வயசு படகுக்கு இல்ல."

மீசைக்காரர் மீசையைத் தடவி யோசித்தார். பிறகு மெத்தையைப் பலகையில் போட்டு உட்கார்ந்தார். "வந்தது வந்தாச்சு. ஒரு சுத்தாவது கூட்டிட்டுப் போங்க!"

அன்று காற்று மெல்லியதாக இருந்தது. அப்பா தன் வெள்ளைப் பாயையே கட்டி, பக்கத்திலேயே ஒரு சிறு சுற்றுப் போய் வந்தார்.

திங்கட்கிழமை அப்பாவும் பொடிசும் பாய் தைக்கும் அக்காவிடம் போனார்கள். அகலமான மரத்தரை முழுக்கப் பாயை விரித்து, அக்கா வெறுங்காலோடு அதன்மேல் நடந்து பார்த்தார்.

"இந்தத் தையலைப் பிரிச்சு, தொங்கற இடத்தைக் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுத் தரேன். புதுசு வர்ற வரைக்கும் தாங்கும். ஆனா மெல்லிய காத்துல மட்டும் ஓட்டுங்க," என்றார்.

"புதுசு எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டார் அப்பா.

"வருஷத்தைக் கேக்காதீங்கண்ணா. எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க, எவ்வளவு நேரம் வெயில்ல விடுவீங்க? அதை முதல்ல சொல்லுங்க."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு பொடிசைப் பார்த்தார்.

"உச்சி வெயில்ல ஓட்ட மாட்டோம்," என்றாள் பொடிசு. "படகு நிக்கும்போது உறை போட்டுடுவோம். சும்மா காத்துல படபடன்னு அடிக்க விடவே மாட்டோம்."

"உறை யார் போடுவாங்க?"

"அப்பாதான்!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ நல்லாவே வரும்."

புதுப் பாய் வந்த அன்று அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். பயணிகள் யாரும் இல்லை. மூவர் மட்டும்தான். படகு துறையைத் தாண்டியதும் புதுப் பாய் காற்றை வாங்கி விறைத்து நின்றது. கடல் அமைதியாக இருந்தது.

"இந்தா, பிடி," என்று அப்பா சுக்கானைப் பொடிசின் கையில் கொடுத்தார். "பாறையை வலப்பக்கம் விட்டுட்டு நேராப் போ."

அவர் பலகையில் சாய்ந்து, கைகளைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் கொர்ரென்று குறட்டை கேட்டது.

"இவர் படகுல தூங்கி நான் பாத்ததே இல்லடி," என்று அம்மா கிசுகிசுத்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா," என்ற பொடிசு, சுக்கானைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினாள். அப்பாவின் முகத்தில் அடித்த வெயிலைப் பாயின் நிழல் மெல்ல வந்து மூடியது.