மாமனார் பேரைச் சொன்னவள்

“அய்யோ... அவ கூப்பிடறா! கீழேயிருந்து கூப்பிடறா!”

உள்ளறையிலிருந்து அலறல்!

சல்தனாத்தின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் தளும்பியது. குடும்பக் கணக்கெடுப்புக்காக நாரின் என்ற மலை வட்டாரத்துக்கு ஏறி வந்தவள் அவள்.

“யாருங்க அது?”

எதிரே உட்கார்ந்திருந்தவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

“பெரியவர்தான்க்கா. கண்ணு தெரியாது, படுத்த படுக்கை. நேத்துலேர்ந்து இப்படித்தான் உளர்றாரு. நீங்க கேளுங்க.”

வீடு முழுக்க அர்ச்சா மரச் சுள்ளியின் புகை. ஆவி அண்டாமலிருக்க எல்லா வீட்டிலும் போடுவதுதான். அதற்காகக் கண் எரிய எரிய, பட்டப்பகலில், இத்தனையா?

“உங்க பேரு?”

“உல்கான்.”

முன்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்த உதவித்தொகை, இப்போது ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த மாற்றம் வருவதற்கு முன் வேறொருத்தி இதே வீட்டுக்கு வந்து, உல்கானிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போதும் அதே உல்கானிடம் அதே கேள்விகள். குடும்பம் முன்னேறியதா, சறுக்கியதா என்று பார்க்க வேண்டும். சல்தனாத்தின் வேலை அவ்வளவுதான்.

கதவோரம் வீட்டுக்காரன் எர்மெக். கையில் கோடரி. விறகு பிளக்க வேண்டுமாம். விறகைத்தான் காணோம்!

“ஆடு, மாடு ஏதாவது...?”

“ஒண்ணுமில்ல!” எர்மெக் முந்திக்கொண்டான்.

“உன்னைக் கேக்கல தம்பி. உன் பெண்சாதி சொல்லட்டும்.”

“ஒண்ணுமில்லக்கா...” அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“சரி, வீட்ல யார் யார்? பேரைச் சொல்லும்மா.”

“எர்மெக்... நான்... பள்ளிக்கூடம் போயிருக்கிற பசங்க அஸாத், இல்கிஸ்... அப்புறம் பெரியவர் புர்குத்.”

டேப்லெட்டில் சல்தனாத்தின் விரல் நின்றது.

புர்குத் என்றால் ராஜாளி.

மாமனார் பேரை மருமகள் வாய்விட்டுச் சொல்வதா? அதுவும் அவர் காதுபட! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சல்தனாத் தன் மாமனார் பேரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இந்த மலையில் எந்த மருமகளும் சொல்ல மாட்டாள். மாமனார் பேர் ராஜாளி என்றால், வானத்தில் பறக்கிற ராஜாளியைக்கூட ‘மேலே வட்டமடிக்கிறது’ என்பாள்.

பெற்ற மகள் சொல்லலாம். மருமகள்... ம்ஹூம்!

அப்படியானால் இவள் யார்? உல்கான் எங்கே?

அப்போதுதான் அது கேட்டது. விரிப்புக்குக் கீழே... தரைப் பலகைக்கும் கீழே...

“மேலே... வட்டமடிக்கிறவரே... தண்ணி...”

எதிரே இருந்தவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணே! மறுபடி வந்துட்டா! பேயா வந்துட்டா!”

“வாயை மூடு ஜிபெக்!”

அண்ணனாமே!

பேயோ, மனுஷியோ... தண்ணீர் கேட்கிறாள். எழுந்து ஓடினால் கோடரி. ஓடித் தப்பித்தாலும் கீழே இருப்பவள் கதி?

“காத்து...” என்றான் எர்மெக்.

“காத்துதான். உங்க ஊர்க் காத்துக்கு வாய் ஜாஸ்தி.” குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். “அடுத்த கேள்வி. நிலவறையில உருளைக்கிழங்கு எவ்வளவு?”

“அது எதுக்கு?”

“எடை போட்டே ஆகணும் தம்பி. மேலிடத்து உத்தரவு.”

பச்சைப் பொய்! ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

“தோக்தோசுன் அண்ணே! தராசை எடுத்துட்டு வாங்க!”

ஜீப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த டிரைவர், இரும்புத் தராசும் கையுமாக உள்ளே வந்தார்.

“பிள்ளைங்களை எடை பாக்கிற தராசும்மா இது. இங்க ஒரு வாண்டும் காணோமே... எதை எடை போட?”

“முதல்ல அந்தக் கோடரியை!”

தோக்தோசுன் அவள் முகத்தைப் பார்த்தார். கோடரியைப் பார்த்தார். அது உயர்வதற்குள் தராசு எர்மெக்கின் மணிக்கட்டில் இறங்கியது.

“ஆ...!”

சல்தனாத் விரிப்பைச் சுருட்டி எறிந்து நிலவறைக் கதவைத் தூக்கினாள்.

உருளைக்கிழங்குக் குவியலின் மேல் ஒரு பெண். தலையில் காய்ந்த ரத்தம். கண்கள் மட்டும் மெல்ல அசைந்தன.

உயிர் இருக்கிறது!

“செத்துட்டாள்னு நெனச்சோம்...” ஜிபெக் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். “நேத்து அண்ணிதான், கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. அண்ணன் பிடிச்சுத் தள்ள, தலை அடுப்புல... என்னைப் பக்கத்து ஊர்லேர்ந்து வரவழைச்சு அண்ணியா நடிக்கச் சொன்னான்.”

“என்ன உண்மை?”

“சித்தப்பா பட்டியில நாப்பது ஆடு ஒளிச்சு வெச்சிருக்கோம். நீங்க எழுதிட்டா பசங்க பணம் நின்னுடுமே!”

சல்தனாத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“அடப்பாவிகளா! இந்தக் கணக்குக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாதுடா! உங்க பேரைக்கூட யாருக்கும் சொல்ல மாட்டோம். வந்ததும் அதைத்தானே முதல்ல சொன்னேன்!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க...” மணிக்கட்டைப் பிடித்தபடி முனகினான் எர்மெக்.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். போலீசும் ஆம்புலன்சும் வந்தன. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது உல்கான், சல்தனாத்தின் விரலைப் பற்றிக்கொண்டாள்.

“அக்கா... அவ தப்பாச் சொல்றா. ஆடு நாப்பது இல்ல... நாப்பத்து மூணு.”

சல்தனாத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணனையும் தங்கையையும் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். ஜீப்பைக் கிளப்பிய தோக்தோசுன், டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்.

“கடைசிக் கேள்வி பாக்கி நிக்குதேம்மா. ‘மாற்றத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்காவது புதிதாக அரசாங்க உதவி கிடைக்கிறதா?’”

“கெடைக்குதே! அண்ணன், தங்கச்சி ரெண்டு பேருக்கும்... தங்க இடம், மூணு வேளைச் சாப்பாடு!”