இருநூற்றுப் பதினாலுக்கு ஆறு மணி

விருந்தினர்களை எழுப்ப வேண்டிய நேரங்களைக் குறித்துவைக்கும் தாளில் அன்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அறை 214, காலை ஆறு மணி. ஓட்டலின் வரவேற்பு மேசைக்குக் காலை வேலைக்கு வந்தவள், இரவு வேலை முடித்துக் கிளம்பியவரைக் கேட்டாள். தான் எழுதவில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். சீசன் முடிகிற சமயம், இரண்டாம் மாடியை மூடியே ஒரு வாரம் ஆகிறது. ஆனால் தாளில் உள்ள அறையை அழைத்தே ஆக வேண்டும், எடுக்கும்வரை விடக்கூடாது என்பது வரவேற்பு மேசையின் சட்டம். ஆறு மணிக்கு எண்ணை அழுத்தினாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். கனத்த தூக்க மூச்சு, போர்வைக்குள் புரளும் சரசரப்பு, பிறகு ஒரு சிணுங்கல்.

“இன்னும் அஞ்சு நிமிஷம்மா.”

அந்த ஓட்டலில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குரலோ அவள் மகளுடையது. ஆறு வயசுப் பெண்ணை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு நாலு மாத வேலைக்குக் கடல் தாண்டி வந்தவள் அவள், நாளை எண்ணிக்கொண்டிருப்பவள். ஏக்கம் காதில் புகுந்து விளையாடுகிறது, பைத்தியமே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பழுது பார்க்கிறவரிடம் அந்த அறைத் தொலைபேசியைப் பற்றிக் கேட்டபோது அவர் மூலையிலிருந்த அழுக்குத் துணி வண்டியைக் காட்டினார். இரண்டாம் மாடித் தொலைபேசிகள் எல்லாம் கழற்றப்பட்டு அதில் கிடந்தன. 214 என்று ஒட்டியிருந்தது மேலாகவே இருந்தது, தன் ஒயரைத் தானே சுற்றிக்கொண்டு.

மாலையில் அக்காவை அழைத்தாள்.

“பாப்பா காலைல படுத்தறாளாக்கா?”

“அதிசயம்தான் போ! அந்தக் கும்பகர்ணி இன்னிக்கு ஏழரைக்கு டாண்ணு எழுந்து உக்காந்துட்டா. அம்மா கூப்பிட்டாங்கறா.”

இங்கே ஆறு என்றால் ஊரில் ஏழரை.

அதற்குப் பிறகும் அந்த வரி தினமும் இருந்தது. தினமும் அழைத்தாள். பயம்தான். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சிணுங்கலுக்காகவே ஐந்து மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பெற்ற வயிறு, என்ன செய்யும். முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மஞ்சள் இரவு கவுன் நீளமாகிவிட்டதாம், தரையில் இழுபடுகிறதாம். அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவளை ஒரே ஒரு தரம் பக்கத்தில் இருந்து எழுப்ப வேண்டும்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

“எழுந்து அம்மாகிட்ட வாடி, செல்லம்.”

மறுமுனையில் மூச்சு நின்றது. பிறகு, தெளிவாக, தூக்கமே இல்லாமல்: “சரிம்மா.”

மறுநாள் தாளில் அந்த வரி இல்லை. அப்பாடா என்றிருந்தது. கடைசி விருந்தினரும் முந்தின மாலையே போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டியின் முனகல்கூட நின்றிருந்தது. ஆறு அடித்து ஐந்து நிமிஷம். கைபேசி அலறியது.

“பாப்பா எழுந்திருக்க மாட்டேங்கறாடி.” அக்காவின் குரல் உடைந்தது. “உலுக்கிப் பாத்துட்டேன். உடம்பெல்லாம் சில்லுனு கிடக்கு. நீயாவது கூப்பிடேன், உன் குரலுக்கு எழுந்துப்பா!”

அவள் வாயைத் திறந்தாள்.

மேலே ஒரு கதவு திறந்தது.

வெறுங்கால்கள். சின்னவை. நடைபாதை முழுக்க ஓடி, படி முனையில் நின்றன.

பவுடர் வாசனை.

ஒரு படி. இன்னொரு படி.

“கூப்பிடுடி!” என்று கைபேசி கதறியது.

படி திரும்பும் இடத்தில் மஞ்சள் விளிம்பு தெரிந்தது. தரையில் இழுபட்டபடி வந்தது. கைப்பிடியில் ஒரு குட்டிக் கை. பிறகு முகம்.

கண்கள் இன்னும் மூடியே இருந்தன. “வந்துட்டேம்மா” என்றது, தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கைகளை நீட்டியபடி.