தூங்காத மாணவர்

"வீல்" என்று ஓர் அலறல்!

தீயணைப்பு வாளியில் மணல் ஏன் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேமராவைப் பார்த்து விளக்கிக்கொண்டிருந்த உமாதேவி, பாதி வாக்கியத்தில் நின்றாள்.

அலறல் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே... குடோன் பக்கமிருந்து!

ஓடினாள்.

குடோன் வாசலில், ஆலையில் பெருக்கும் வேலை பார்க்கும் வேலுத்தாய் கையில் விளக்குமாறோடு வெலவெலத்துப் போயிருந்தாள்.

"கூட்டலாம்னு கதவத் தொறந்தேன் டீச்சர்... மொதலாளி... மொதலாளி கெடக்காவ!"

தீக்குச்சி மருந்து மூட்டைகளுக்கு நடுவே, தீப்பெட்டி ஆலை முதலாளி அய்யாத்துரை குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி.

மூச்சு இல்லை.

கோவில்பட்டிக்கு பிராட்பேண்ட் வந்து ஓரிரு வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் உமாதேவிக்கு, இந்த ஆலையின் தீப் பாதுகாப்பு வகுப்பு புது வேலை. தலைமை ஆபீஸில் உட்கார்ந்து பேசுவாள். கடம்பூர், கழுகுமலை, எட்டயபுரம் கிளைகளின் மேனேஜர்கள் அவரவர் இடத்திலிருந்தே திரையில் தெரிவார்கள்.

இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டியன் வந்ததும் முதலில் வாட்ச்மேன் சுந்தரபாண்டியின் சட்டையைப் பிடித்தார்.

"காலையில மொதலாளிகூட சண்டை போட்டியாமே?"

"லீவு கேட்டேன்யா... மக சடங்குக்கு. தரமாட்டேன்னாவ. அதுக்குப் போயி கொல்லுவனாய்யா?"

"ஏலே, ஜீப்புல ஏறு!"

பிறகு உமாதேவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த மேனேஜருங்க?"

"மூணு பேரும் என் கண்ணு முன்னாலதான் சார் இருந்தாங்க. கிளாஸ் ஆரம்பிச்சதுல இருந்து. அப்ப மொதலாளிகூட எட்டிப் பார்த்துட்டுப் போனாரு."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது... அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மூன்று பேரை விடுவித்துவிட்டு, நான்காவது ஆளை ஜீப்பிலேயே பூட்டிவிட்டது.

சுந்தரபாண்டி ஜீப்பின் கம்பி வழியாக அவளையே பார்த்தான்.



தகவல் போய், மேனேஜர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் எட்டயபுரம் சங்கரபாண்டியன். செத்தவரின் மச்சினர்.

"அத்தான்! எங்களைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீயளே!"

மார்பில் அடித்துக்கொண்டார். உமாதேவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வகுப்பை ஏற்பாடு செய்தவரும் அவர்தான். 'அரை மணி அரை மணியாகப் பிரித்து எடுக்கிறேன், நடுநடுவே கேள்வி கேட்கிறேன், அப்போதுதான் மனசில் நிற்கும்' என்று உமாதேவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் வேண்டாம் மேடம். மூணு மணி நேரம்... டீ பிரேக்கூட இல்லாம ஒரே மூச்சா எடுங்க. கேள்வி கீள்வி கேக்காதீங்க. நாங்க மைக்கையும் அணைச்சிட்டு அமைதியா கவனிக்கோம்."

விளைவு? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்த வகுப்பில் கடம்பூர் லிங்கராஜ் மேஜையில் தலை சாய்ந்துவிட்டார். கழுகுமலை முத்துசெல்வம் வாயைத் திறந்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார். பாடம் நடத்திய உமாதேவிக்கே மூன்று கொட்டாவி.

சங்கரபாண்டியன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். 'ஒரு ஆளாவது கேட்கிறாரே' என்று அவருக்காகவே பாடம் நடத்தினாள்.

கொட்டாவி இல்லை. மூக்கைச் சொறியவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மனுஷன்தானா?

"சார்..." இன்ஸ்பெக்டரிடம் போனாள். "இவங்க மூணு பேரையும் கிளாஸ் ரூமுக்குக் கூப்பிடுங்க. ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"இப்பமா? பரீட்சையா வைக்கப் போறீங்க?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

மூவரும் வந்து நின்றார்கள்.

"கிளாஸ் நடுவுல நான் ஒரு பாட்டுப் பாடுனேனே... எப்படி இருந்துச்சு?"

லிங்கராஜ் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சிருங்க டீச்சர். நான் தூங்கிட்டேன்."

முத்துசெல்வம் நெளிந்தார். "பாடுனீங்களா? எனக்கு... ஸ்பீக்கர் கோளாறு."

"வாயெல்லாம் எச்சி ஒழுகுன தடம் இருக்கு. ஸ்பீக்கர் கோளாறாம்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சங்கரபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மறக்க முடியுமா மேடம்? குரலா அது! தேனு! தீ விபத்து பத்தி எவ்வளவு உருக்கமா பாடுனீங்க!"

"நான் பாடவே இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று சங்கரபாண்டியன் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பாட வராது. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

சங்கரபாண்டியனின் முகம் வெளிறியது. "அது... அத்தான் போன துக்கத்துல ஏதோ உளறிட்டேன். நான் அங்கனதான் மேடம் இருந்தேன்! எட்டயபுரத்துல! நீங்களே பாத்தீங்கள்லா?"

உமாதேவி மேஜைக்குப் போனாள். அலறல் கேட்டு ஓடியபோது விட்டுப்போன கம்ப்யூட்டர். இருண்டு கிடந்த திரை, மவுஸைத் தொட்டதும் வெளிச்சமானது.

இரண்டு சதுரங்களில் காலி நாற்காலிகள்.

மூன்றாவதில்... சங்கரபாண்டியன்! நிமிர்ந்து உட்கார்ந்து, தலையாட்டிக்கொண்டிருந்தார்!

"இப்பவும் அங்கனதான் சார் இருக்கீங்க" என்றாள் உமாதேவி.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல எவன்லே நீ?"

சங்கரபாண்டியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தீக்குச்சி மருந்துக்கு வாங்குற குளோரேட்டை வெளியில கள்ளத்தனமா வித்தேன். அத்தான் கண்டுபிடிச்சிட்டாவ... போலீசுக்குப் போவேன்னாவ. முன்னாலயே என்னைய வீடியோ எடுத்து, கேமராவுக்குப் பதிலா அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டுட்டு வந்தேன். கிளாஸ் முடியுமுன்ன திரும்பிப் போயிறலாம்னு நெனச்சேன். வேலுத்தாய் இன்னைக்குன்னு பாத்து குடோனைக் கூட்ட வருவான்னு யாரு கண்டா?"

இன்ஸ்பெக்டர் வெளியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே சுந்தரபாண்டி, எறங்கு! வீட்டுக்குப் போயி மக சடங்கைப் பாரு!"

சுந்தரபாண்டி இறங்கினான். உமாதேவியைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டான். அழுகை வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விலங்கு மாட்டிய கையோடு சங்கரபாண்டியன் மெல்லக் கேட்டார்.

"எம்புட்டு நாளு சார் உள்ள இருக்கணும்?"

"ஆயுசு முழுக்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கவலைப்படாதீரும்... நடுவுல டீ பிரேக் உண்டு!"