இக்னிஷன் காயில் ஆறவில்லை

பேட்டரி வயரைக் கழற்றிப் போட்ட பிறகும், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலின் சூடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. தமிழ்ச்செல்வன் புறங்கையை வைத்துப் பார்த்தான், சுரீரென்றது. கரண்டே போகாத சாமான் எப்படிச் சுடும்? எஞ்சினை மூடியிருக்கிற மரப்பெட்டிக்குள் வெக்கை அடைபட்டிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. கண்ணை மூடித் தூங்கியே பல நாளாகியிருந்தது.

படகு அணைத் தண்ணீரின் நட்டநடுவில் நின்றிருந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மலை, முன்னால் அக்கரை, பின்னால் அவர்கள் விட்டுவந்த தென்னந்தோப்பு. தோப்பு, அக்கரையில் குடியிருக்கிற சென்னியம்மாளுடையது. தேங்காய் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய், பொள்ளாச்சி போகிற லாரியில் சேர்ப்பது தமிழ்ச்செல்வன் வேலை. தோப்பிலேயே ஒரு ஓட்டு வீட்டில் பெண்டாட்டி செவ்வந்தியோடும் மகள் அக்ஷயாவோடும் குடியிருந்தான். மழையில் மலைப்பாதை சரிந்துபோனதிலிருந்து வெளியே போக இந்தப் படகை விட்டால் வேறு வழியில்லை.

படகா அது? இரும்புத் தொட்டி. அதற்குள் பழைய அம்பாசடர் காரின் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கி வைத்துக் கட்டியிருந்தார்கள், எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ. கொஞ்சநாளாக அதற்கு ஒரே வியாதி. கரையை விட்டுக் கொஞ்சதூரம் போனதும் காயில் கொதிக்கும், தார் உருகுகிற நாற்றம் மூக்கில் ஏறும், எஞ்சின் நாலு தும்மல் தும்மிவிட்டுச் செத்துப்போகும். அவனும் பார்க்காத பார்வையில்லை. பாயின்டை மாற்றினான். கண்டன்சரை மாற்றினான். காயிலுக்குப் போகிற கரண்டை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டரை மாற்றினான். காயிலையே புதுசாகப் போட்டான். புதுசும் பழசைப் போலவே கொதித்தது. மற்ற நாட்களில் ஒரு பீடியைப் பற்றவைத்து அது ஆறுகிற வரைக்கும் காத்திருப்பான். தேங்காய்க்கு என்ன அவசரம்?

இன்றைக்கு ஏற்றி வந்தது தேங்காயில்லை. சாக்கு விரிப்பின்மேல், செவ்வந்தியின் மடியில், அக்ஷயா கிடந்தாள். பல நாளாக விடாத காய்ச்சல் அனலாக அடித்தது. மதியத்திலிருந்து கண் செருகிக்கொண்டு போனது. சென்னியம்மாள் போன் போட்டு ஆம்புலன்ஸை அக்கரைக்கு வரவழைத்துவிட்டாள். அந்த வண்டியின் விளக்கு சுழல்வது இங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். இருந்த ஒரு துடுப்பால் அந்த இரும்புத் தொட்டியை அசைக்கக்கூட முடியவில்லை.

"ஏனுங்க, ஆறிருச்சுங்களா?"

"பொறு புள்ள."

செவ்வந்தி அதற்குமேல் பொறுக்கவில்லை. மகளின் வேர்வை ஊறிய கவுனைக் கழற்றினாள், தன் முந்தானையால் பிள்ளையைப் போர்த்தினாள், கவுனைச் சுருட்டி மூன்று தரம் தலையைச் சுற்றினாள். "இவ மேல இருக்கறதெல்லாம் இதுல எறங்கிரோணும் தாயே" என்று முணுமுணுத்தாள். சுற்றின துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவள் அம்மா ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

காயிலுக்கு ஈரத்துணி சுற்றினால் சீக்கிரம் ஆறும் என்பது அவனுக்குப் பழைய அம்பாசடர் டிரைவர்களிடமிருந்து கிடைத்த பாடம். துண்டைத் தேடினான். அது நனைந்து மகளின் நெற்றியில் கிடந்தது.

"அதைக் குடு" என்று செவ்வந்தியின் கையைப் பிடித்தான்.

"இதுங்களா? சுத்தின துணிங்க. தண்ணியில உட்டுப்போடோணும்."

"அக்கரை போயி உட்டுக்கலாம்."

"மறுக்காக் கையில தொடக்கூடாதுங்க. சொன்னாக் கேளுங்க."

"இங்கியே கெடந்தாப் புள்ள பொழைக்குமா?" என்று கத்தினான். கத்தியதில் அவனுக்கே வெட்கமாக இருந்தது. கவுனைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மேலே வயர் மாட்டுகிற முனையில் ஈரம் படாமல் காயிலைச் சுற்றிக் கட்டினான். பட்டன் வைத்த சின்னக் கவுன், காயிலுக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

ஆவியில் தார் நாற்றம் இல்லை. தேங்காயெண்ணெய் தேய்த்த தலைமுடியின் வாசம். பவுடர் வாசம். துணியில் இருப்பதுதானே என்று நினைத்தபடி வயரை மாட்டிச் சாவியைத் திருகினான்.

முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. இந்தப் படகு ஒருநாளும் இத்தனை சீராக ஓடியதில்லை. தும்மலில்லை, உதறலில்லை. தண்ணீரை வகுந்துகொண்டு ஆம்புலன்ஸ் விளக்கை நோக்கிப் போனது.

"ஏனுங்க!" செவ்வந்தியின் குரல் உடைந்தது. "நெத்தி ஆறிருச்சுங்க. காய்ச்சல் எறங்கிருச்சுங்க!"

அவன் அழுதுவிட்டான். இத்தனை நாள் சுமந்த பாரமெல்லாம் காலடியில் விழுந்ததுபோல் இருந்தது. ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையைக் காயிலின்மேல் வைத்தான். கொதிப்பு போய்விட்டிருந்தது. இளஞ்சூடு. ராத்திரியில் எழுந்து மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது இருக்குமே, அந்தச் சூடு.

கையை எடுக்க மனசு வரவில்லை. எஞ்சினின் அதிர்வு மரப்பெட்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விரலுக்கடியில், ஈரத்துணிக்கு உள்ளே, இன்னொரு அதிர்வு இருந்தது. எஞ்சினோடு சேராதது. சிறியது. படபடவென்று அடித்தது.

கையை எடுத்தான். மறுபடி வைத்தான்.

இருந்தது.

"செவ்வந்தி. பாப்பா என்ன பண்றா?"

"தூங்குறாளுங்க. ஒடம்பு சில்லுனு ஆயிருச்சு. தண்ணிக் காத்துங்க, வேற ஒண்ணுமில்லீங்க." அவள் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதி இருந்தது.

ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டிவிட்டுக் குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டான். படகின் இரும்பு அதைவிடச் சூடாக இருந்திருக்கும். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியதுதான். ஆனால் அது எஞ்சினின் தாளத்தில் ஏறி இறங்கியது.

அவன் ஆக்சிலேட்டரைக் குறைத்தான். நெஞ்சின் வேகம் குறைந்தது. கொஞ்சம் கூட்டினான். கூடியது. மறுபடி குறைத்தான், எஞ்சின் நின்றுபோகிற அளவுக்கு இழுத்தது, நெஞ்சு அப்படியே அமர்ந்துவிட்டது. சட்டென்று கூட்டினான்.

அக்ஷயா வாய் திறந்து மூச்சு வாங்கினாள். அந்த மூச்சில் பெட்ரோல் வாசம் அடித்தது.

கரை வந்துவிட்டது. படித்துறையில் சென்னியம்மாள் நின்றிருந்தாள். ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். தமிழ்ச்செல்வன் படகைக் கரை சேர்க்கவில்லை. திருப்பினான். ஒரு சுற்று சுற்றினான். மறுபடியும் ஒரு சுற்று.

"தமிழு! என்ன கண்ணு பண்ற? நிறுத்து சாமி!" சென்னியம்மாள் கரையிலிருந்து கத்தினாள்.

நிறுத்தக்கூடாது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது? ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்து, மறுகையால் காயிலை அணைத்துக்கொண்டான். கவுனின் ஈரம் அவன் சட்டையில் இறங்கியது. படபட. படபட.

"ஏனுங்க, கரை வந்துருச்சுங்க. என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

செவ்வந்தி பிள்ளையைச் சாக்கில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். புருஷன் தூக்கமில்லாமல் துவண்டு போய்விட்டான் என்று நினைத்திருப்பாள். அவன் தோளை ஆதரவாகத் தொட்டாள். அவனைத் தாண்டிக் கையை நீட்டினாள்.

"தொடாத!"

சாவியைத் திருகிவிட்டாள்.

எஞ்சின் நின்றது.

படகு மட்டும் சத்தமில்லாமல் கரையை நோக்கி நகர்ந்தது. ஆம்புலன்ஸ்காரர் விளிம்பைப் பிடித்து ஏறினார், சாக்கருகே மண்டியிட்டார், அக்ஷயாவின் கழுத்தில் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார். பிறகு செவ்வந்தியை நிமிர்ந்து பார்த்தார். அவள் அலற ஆரம்பித்தாள்.

தமிழ்ச்செல்வன் திரும்பவில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தான். காயிலில் மாட்டியிருந்த வயரையும் பிடுங்கினான். அணைத்திருந்த கையை மெதுவாக விலக்கினான்.

காயிலின்மேல் அந்தச் சின்னக் கவுன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.