போர்வைக் கரையில் நின்ற பிள்ளை

பிள்ளை மூலையில் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது, போர்வையின் இடப்பக்கக் கீழ்மூலையில்தான் கிருபாபாய் அந்தப் பாவாடைச் சிறுமியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போது திரையில் சிறுமி போர்வையின் நட்டநடுவில் நின்றாள். சுற்றிலும் வெறும் வெள்ளை. ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டியிருந்தாள்.

ராஜபாளையத்து மில் ஒன்றின் டிசைன் அறை அது. அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மெஷினுக்குச் சூடு ஆகாது என்று ஏசி வைத்து, வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். வெளியே கத்திரி வெயில் கொளுத்தினாலும் உள்ளே நேரம் தெரியாத ஒரு மங்கல். தரைக்கு அடியிலிருந்து தறிக் கொட்டகையின் அதிர்வு கால்வழியாக ஏறி எலும்புக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை கதவிடுக்கு வழியே வந்து, ஏசிக் குளிரில் உறைந்து நிற்கும்.

குழந்தைகள் போர்வைக்கு ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டிருந்தார் டிசைன் பொறுப்பாளர் சீனிச்சாமி. கிருபாபாய்க்கு மனதில் வேறு முகம் வரவில்லை. மகள் பரிபூரணத்தின் போட்டோவை ஸ்கேன் செய்து, அதன்மேல் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பி வரைந்தாள். புருஷன் தவறிய பிறகு அவளுக்கென்று பூமியில் மிஞ்சியது அந்த ஆறு வயசுப் பிள்ளை ஒன்றுதான்.

கை பட்டு நகர்ந்திருக்கும் என்று எண்ணி மௌசைப் பிடித்தாள். பொம்மையின் மேல் போனதும் அம்புக்குறி வழக்கம்போல ஒரு வெள்ளைக் கையாக மாறியது. அமுக்கினாள். அந்த வெள்ளைக் கை விரல் மடக்கிப் பிடித்தது. மூலைக்கு இழுத்தாள். எப்போதும் எண்ணெயில் வழுக்குவது போல வரும் பொம்மை, அன்று ஈர மணலில் சாக்கு மூட்டை வருவது போலத் தயங்கித் தயங்கி வந்தது. மூலையில் விட்டாள். ஏசிச் சத்தத்துக்குள் எங்கோ ஒரு சின்ன விம்மல் கேட்டு அடங்கியது.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கியபோது, வளவு வாசலிலேயே அசீனா நின்றிருந்தாள். நாலு பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவே பொது முற்றம், அதன் மத்தியில் ஒரு தண்ணீர்க் குழாய். இதுதான் அவர்கள் வளவு. கோடை விடுமுறையில் பூரணத்தைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது மூலைவீட்டு அசீனாதான். ஏழைக்கு ஆண்டவர் பெரிய வீட்டைக் கொடுப்பதில்லை. நல்ல பக்கத்து வீட்டைக் கொடுக்கிறார்.

"கிருபாக்கா, புள்ள பைப்படியிலதான் விளாண்டுக்கிட்டு இருந்தா. அரிசி களையத் திரும்புனேன், செத்த நேரந்தான். பாத்தா எங்க வீட்டு மூலையில, விறகுக்குப் பின்னால கெடக்கா. செருப்பு ரெண்டும் பைப்படியிலயே கெடக்கு. குதிங்கால் பூரா தோலு உரிஞ்சு போச்சுக்கா."

"விழுந்துட்டாளா?"

"விழுந்தா முட்டிதானேக்கா தேயும்? குதிங்கால் எப்பிடித் தேயும்?"

அசீனா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டிருந்தாள். தன் பங்கு இடியாப்பத்தையும் பிள்ளைக்கே ஊட்டியிருந்தாள். மடியில் வந்து சுருண்டுகொண்ட பூரணம் தாயின் காதுக்குள் சொன்னாள்:

"ஒரு கைம்மா."

"யாரு கைட்டி?"

"வெள்ளைக் கை. ஆளு இல்ல. கை மட்டும் வந்து இழுத்துச்சு."

கிருபாபாய் நிமிர்ந்து முற்றத்தைப் பார்த்தாள். திரையில் இருந்த போர்வை போலவே நாலு பக்கமும் கரை. நடுவே வெறுந்தரை. இடப்பக்கக் கீழ்மூலையில் அசீனா வீட்டு விறகு. அன்றைக்கு அவள் கண்ணை மூடவில்லை. கதவைத் தாழிட்டு, பிள்ளையின் மணிக்கட்டைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஜெபித்தபடி கிடந்தாள்.

விடிந்ததும் வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் தான் இல்லாவிட்டால் அந்த மௌசை வேறு யாராவது பிடிப்பார்கள். எங்கே இழுத்து எங்கே போடுவார்களோ. போர்வைக்கு வெளியே போட்டால்? பிள்ளையை அசீனாவிடம் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினாள்.

திரையில் சிறுமி மூலையில் இருந்தாள். அசீனா வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்று தெரிந்தது. அழித்துவிடலாம் என்று ஒரு பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழித்தால்? சூட்டுக்கோலிலிருந்து எடுப்பது போல விரலை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா கிருபா," என்று பின்னால் வந்து நின்றார் சீனிச்சாமி. "நேத்துல இருந்து அந்த ஒத்தப் பொம்மையையே பாத்துக்கிட்டு இருக்கியே, அது எதுவும் உன்கிட்டப் பேசுதா? சாயங்காலம் டிசைன் தறிக்குப் போகணும்மா. எந்திரி, நான் இழுத்துப் போடுதேன்."

அவர் கை மௌசுக்கு வந்தது. திரையில் வெள்ளைக் கை.

"தொடாதீங்க சார்!"

அவர் திகைத்துப்போனார். நல்ல மனசுக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே போய் ஒரு டீ வாங்கிவந்து வைத்தார். "ஒடம்புக்கு முடியலைன்னா வீட்டுக்குப் போம்மா. வேற ஆள வச்சு முடிச்சிக்கிடுதேன். பார்டர் பூரா பொம்மை நிக்கணும், அம்புட்டுத்தான்."

வேற ஆள். அந்தச் சொல்லில்தான் அவளுக்கு ஒரு வழி பிறந்தது: தன் பிள்ளைக்குப் பதில் வேற பிள்ளை. வெறுமனே இழுத்தால் பொம்மை இடம் மாறும். கண்ட்ரோல் பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுத்தால் நகல்தான் வரும். முதல் பொம்மை நின்ற இடத்தை விட்டு அசையாது. என் பிள்ளை அசையாது. "நானே முடிக்கேன் சார்," என்றாள்.

ஆண்டவரை நினைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கி இழுத்தாள். சிறுமியின் உடம்பிலிருந்து இன்னொரு சிறுமி, வெங்காயத் தோல் பிரிவது போல உரிந்து வந்தாள். பக்கத்தில் விட்டாள். மூலைப் பிள்ளை அசையவில்லை. கிருபாபாய்க்கு மூச்சு வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி. சம இடைவெளி விட்டுக் கீழ்க்கரை நிறைந்தது. இரண்டு பக்கக் கரைகளும் நிறைந்தன. தலைமாட்டை எந்தப் பக்கம் வைத்தாலும் பொம்மை நேராகத் தெரிய வேண்டும் என்பது போர்வைக் கணக்கு. அதனால் மேல்கரையில் மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொன்றாக விடும்போதும் அந்த விம்மல் கேட்டது. ஏசிதான், இதெல்லாம் வெறும் படந்தான் என்று சொல்லிக்கொண்டாள். பொத்தானை அமுக்கிய விரல் மரத்துப்போயிருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வளவு வாசலில் யாரும் இல்லை. எல்லா வீடும் சாத்திக் கிடந்தது. கரண்ட் இல்லை. மேற்கே மலைக்குப் பின்னால் மிச்சமிருந்த வெளிச்சத்தில் முற்றத்தில் கால் வைத்தாள்.

சுவரோரமாகப் பிள்ளைகள் நின்றார்கள்.

ஒரே பாவாடை. ஒரே உயரம். ஒரே இடைவெளி. எல்லார் கையும் முன்னால் நீட்டியபடி.

முதல் பிள்ளையின் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. அடுத்தது. அதுவும் சூடு. மூலைக்கு ஓடினாள். விறகுப் பக்கத்தில் நின்றதைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்தில் நின்றதைப் பார்த்தாள். அதே முகம். அதே கண். அதே பயம்.

"பூரணம்!"

எல்லாம் திரும்பின. எல்லாம் ஒரே மூச்சில் கூப்பிட்டன.

"அம்மா."

எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஒரே குரல்.

முற்றத்தின் மறுகோடியில் ஏதோ அசைந்தது. அசீனா. கையில் ஒரு சொம்பு. முகமெல்லாம் ஈரம்.

"எது நம்ம புள்ளைன்னு தெரியலக்கா," என்றாள். "எல்லாம் தாகம்னு அழுவுது. எதைன்னு விட? ஒண்ணொண்ணா குடுத்துக்கிட்டு வாரேன்."

அவள் மேல்பக்கச் சுவருக்கு வந்திருந்தாள். அங்கே பிள்ளைகளின் தலை தரையில் இருந்தது. கால்கள் ஓட்டுச் சரிவைப் பார்த்து நின்றன. பாவாடை ஒன்றுகூடச் சரியவில்லை. தலைமுடி மட்டும் மண்ணில் பரவிக் கிடந்தது.

அசீனா தரையோடு தரையாகக் குனிந்தாள். ஒரு வாய் திறந்தது. சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மூக்கில் இறங்கி, கண்ணில் நிறைந்து, நெற்றி வழியே மண்ணுக்கு ஓடியது. அந்தப் பிள்ளைக்குப் புரையேறியது.

நாலு சுவரோரமும் அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக இருமின.

அசீனா முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த வாய்க்கு நகர்ந்தாள்.